பற்றிக் பியர்ஸ்: கடைசிக் கடிதத்தின் மொழி

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், ஒரு விரிவுரையில் பழைய புகைப்படமொன்றைத் திரையில் காட்டினார்கள். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி டப்ளின் நகரத் தெருவொன்றில் எடுக்கப்பட்டது அது. நீண்ட மேலங்கி அணிந்த ஒருவர் பிரித்தானிய இராணுவ அதிகாரிகளுக்கு முன்னால் நிற்கிறார். அவர் சரணடைகிறார். உற்றுப் பார்த்தால் அவருக்கு மறுபுறத்தில் இன்னொருவரின் பாதங்கள் தெரியும். வெள்ளைக் கொடியோடு வந்த எலிசபெத் ஓ பாரெல் என்ற தாதியின் பாதங்கள். பின்னர் வந்த சில பிரதிகளில் அந்தப் பாதங்களையும் அழித்துவிட்டார்கள்.

ஒரு படத்திலிருந்து ஒரு பெண் எப்படிக் காணாமல் போகிறாள் என்பதுதான் அன்றைய பாடம். அதனால் மேலங்கி அணிந்த அந்த மனிதரைப் பற்றி விரிவுரையாளர் அதிகம் சொல்லவில்லை. பெயர் பற்றிக் பியர்ஸ், அயர்லாந்து எழுச்சியின் தலைவர், சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். நானும் அவ்வளவோடு குறிப்பை முடித்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு என்னை அவரிடம் மீண்டும் கொண்டுபோனது எங்கள் வீட்டுக் கைபேசி. அக்கா பிரான்ஸில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். எங்கள் அம்மா, அதாவது அவளின் அம்மம்மா, கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் இருந்து கைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டியா என்று கேட்பார். பிள்ளை தலையாட்டும். பூனையைக் காட்டும். அம்மா ரோசாக்கன்றைக் காட்டுவார். அதற்குப் பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இருவருக்கும் இடையில் மொழி இல்லை. பிள்ளைக்கு பிரெஞ்சு, அம்மாவுக்குத் தமிழ். 2009இல் இந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது, சுவரில் மாலை போட்டுத் தொங்கும் படத்தில் இருக்கும் மாமா யார், எப்படிப் போனார் என்பதையெல்லாம் சொல்ல அம்மாவிடம் தமிழ் மட்டும்தான் இருக்கிறது.

குடும்பத்துக்குள் அறுந்த மொழியைத் திரும்பக் கற்றவர்கள் எங்கேயாவது இருக்கிறார்களா என்று தேடினேன். அயர்லாந்து வந்தது. அயர்லாந்தைத் தொடர்ந்து போனால் அந்த மேலங்கி மனிதர் மீண்டும் வந்தார். இம்முறை துப்பாக்கியோடு அல்ல, இலக்கணப் புத்தகத்தோடு.

ஆங்கிலேயத் தந்தை, ஐரிஷ் பாட்டி

பற்றிக் பியர்ஸ் 1879ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி டப்ளினில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பியர்ஸ் ஆங்கிலேயர். லண்டனில் பிறந்து பேர்மிங்காமில் வளர்ந்தவர். கல்லில் சிற்பம் செதுக்குவது அவர் தொழில். அயர்லாந்தில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் பெருமளவில் கட்டப்பட்ட காலத்தில் வேலை தேடி வந்து, அங்கேயே தங்கிவிட்டார். தானே படித்து முன்னேறியவர். வீட்டில் நல்ல நூலகமொன்றை வைத்திருந்தார். முதல் மனைவி இறந்த பிறகு மார்கரெட் பிரேடி என்ற டப்ளின் பெண்ணை மணந்தார். அவர்களின் பிள்ளைகள் நால்வரில் இரண்டாமவர் பற்றிக். அவருக்கு அடுத்தவர் தம்பி வில்லியம்.

தாயின் குடும்பம் மீத் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து பெரும்பஞ்ச காலத்தில் நகரத்துக்கு வந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் நிலத்தோடு சேர்த்து மொழியையும் விட்டுவிட்டு வந்தார்கள். பற்றிக் பிறந்த வீட்டின் பேச்சுமொழி ஆங்கிலம். தந்தைக்கு வேறு மொழி தெரிய நியாயமில்லை. தாயும் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்.

ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு முதியவர் வந்து போவார். தாயின் குடும்பத்தைச் சேர்ந்த பாட்டி முறையானவர், அவர் பெயரும் மார்கரெட்தான். அவருக்கு ஐரிஷ் மொழி தெரியும். பழைய கதைகள் சொல்வார், பாட்டுகள் பாடுவார். பிள்ளை அந்தப் பாட்டுகளை முழுவதும் விளங்காமலே கேட்டது. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் திறக்காத ஓர் அறை இருக்கிறது என்ற உணர்வு பற்றிக்குக் கிடைத்தது அந்தப் பாட்டியிடமிருந்துதான்.

ஒரு மொழி எப்படி வீட்டை விட்டுப் போனது

பாட்டிக்குத் தெரிந்த மொழி பேரனுக்கு ஏன் தெரியவில்லை என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1831இல் அயர்லாந்தில் அரசாங்கம் தேசியப் பாடசாலைகளை ஆரம்பித்தது. கற்பித்தல் ஆங்கிலத்தில். ஐரிஷ் மட்டுமே தெரிந்த கிராமத்துப் பிள்ளையும் ஆங்கிலத்தில்தான் எழுத்துப் படிக்க வேண்டும். பல இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறு தடியைத் தொங்கவிட்டார்கள். ஐரிஷில் பேசினால் அதில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. இதில் என்னை நிறுத்திய விடயம், அந்த வெட்டைப் போட்டவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்ல என்பது. பெற்றோரும் போட்டார்கள். பிள்ளை முன்னேற வேண்டும், பிழைக்க வேண்டும் என்ற ஆசையில் போட்டார்கள்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். இறந்தவர்களிலும் போனவர்களிலும் பெரும்பகுதியினர் மேற்கிலும் தெற்கிலும் வாழ்ந்த ஏழைகள். ஐரிஷ் மொழி உயிரோடு இருந்தது அவர்களிடம்தான். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் சுமார் 15 இலட்சம் பேர் ஐரிஷ் பேசுவதாகப் பதிவானார்கள். 1891இல் அது ஏழு இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் போகப்போகும் பிள்ளைக்கு ஐரிஷ் எதற்கு என்று தாய்மாரே நினைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கும் தாய்க்கு மொழி இரண்டாவது பட்சம்தான். எங்கள் வீட்டுக்கும் இது தெரியும்.

கற்று எடுத்த தாய்மொழி

பற்றிக் தன் பதின்ம வயதில், டப்ளின் வெஸ்ட்லண்ட் றோவில் இருந்த கிறிஸ்தவ சகோதரர் பாடசாலையில் ஐரிஷ் படிக்கத் தொடங்கினார். பரீட்சைக்கு எடுக்கக்கூடிய பாடங்களில் ஒன்றாக அது இருந்தது. மற்றவர்களுக்கு அது புள்ளி எடுக்கும் பாடம். இவருக்கு அது பாட்டியின் கதைகளுக்குள் போகும் வழி.

1893இல் டக்ளஸ் ஹைட், இயோன் மக்நீல் முதலானோர் கேலிக் லீக் என்ற அமைப்பை ஆரம்பித்திருந்தார்கள். ஐரிஷ் மொழியைப் பேச்சுமொழியாகக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். அரசியலில் பக்கம் சாராமல் இருப்பது அதன் கொள்கை. வேலை முடிந்து வரும் எழுதுவினைஞர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆசிரியர்களும் மாலையில் கூடி, சிறு பிள்ளைகள் போல எழுத்துக் கூட்டினார்கள். பியர்ஸ் 1896இல் இதில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1901இல் மொழிகளில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு சட்டத்தரணியாகவும் தகுதி பெற்றார். ஐரிஷ் வகுப்புகளும் எடுத்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஜேம்ஸ் ஜொய்ஸ் அவரிடம் கொஞ்சக் காலம் படித்தார். ஐரிஷை உயர்த்துவதற்காக ஆங்கிலத்தைத் தாழ்த்திப் பேசியது பிடிக்காமல் இடையில் நின்றுவிட்டார் என்று சொல்வார்கள். இளவயது பியர்ஸிடம் அந்தக் குறை இருந்தது.

நகரத்து வகுப்பறையில் கற்ற மொழி புத்தக வாசனை அடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1898இல் மேற்குக் கடலில் இருக்கும் அரன் தீவுகளுக்குப் போனார். 1903இல் கல்வே மாவட்டத்தின் கொனமாராப் பகுதியில் உள்ள ரோஸ் மக் என்ற ஊருக்கு, லீக்கின் பரீட்சகராகப் போனார். பாறையும் சதுப்பும் ஏரிகளும் நிறைந்த வறிய ஊர். அங்கே ஐரிஷ் யாரும் காப்பாற்ற வேண்டிய பொருளாக இருக்கவில்லை. அடுப்படியிலும் வயலிலும் சண்டையிலும் அதுதான் இருந்தது. பியர்ஸ் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டார். ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு கட்டினார். விடுமுறைகளில் அங்கே போய் இருந்து, முதியவர்களும் பிள்ளைகளும் பேசுவதைக் கேட்டார்.

அந்தப் பேச்சிலேயே கதைகள் எழுதினார். 1907இல் ஈசகான் என்ற தலைப்புக் கதையோடு அவரது சிறுகதைத் தொகுதி வந்தது. பழைய இலக்கிய நடையில்தான் ஐரிஷ் எழுத வேண்டும் என்று நினைத்த அறிஞர்கள், கொனமாராக் கிராமத்தாரின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததற்காக அவரைக் கண்டித்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நடையில் எழுதினால் யாரும் அந்த மொழியில் வாழ மாட்டார்கள் என்பது பியர்ஸின் நிலைப்பாடு. ஆங்கிலேயச் சிற்பியின் மகன், வளர்ந்த பிறகு கற்ற மொழியில், நவீன ஐரிஷ் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

பெயரையும் மாற்றிக்கொண்டார். ஐரிஷில் எழுதும்போது பாட்ரெய்க் மக் பியரஷ் என்று கையொப்பமிட்டார். தந்தையின் ஆங்கிலப் பெயருக்கே ஐரிஷ் வடிவம் கொடுத்தார். தந்தையின் இரத்தத்தை அவர் மறைக்கவில்லை. இரத்தம் பாதி ஆங்கிலேயம், மொழி முழுதும் கற்றது. மரபு என்பது பிறப்போடு கைக்கு வந்து சேர்வதல்ல, ஒருவர் போய் எடுத்துக்கொள்வது என்பதை அவருடைய வாழ்க்கையைப் போல எனக்கு வேறெதுவும் காட்டியதில்லை.

வண்டிலில் எழுதிய பெயர்

சட்டம் படித்தும் பியர்ஸ் நீதிமன்றத்தில் தோன்றியது ஒரே ஒரு வழக்கில்தான். டொனகோல் மாவட்டத்தைச் சேர்ந்த நீல் மக்பிரைட் என்ற கவிஞர் தன் கழுதை வண்டிலில் தன் பெயரை ஐரிஷில் எழுதியிருந்தார். வண்டிலில் உரிமையாளர் பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து வாசிக்க முடியாதது என்று சொல்லி அவருக்குத் தண்டம் விதித்தார்கள். 1905இல் டப்ளின் மேல்நீதிமன்றத்தில் மேன்முறையீடு நடந்தது. அயர்லாந்தில் ஒரு மனிதன் தன் பெயரைத் தன் மொழியில் எழுதினால் அது எழுத்தே இல்லையா என்பதுதான் கேள்வி. பியர்ஸ் தோற்றார். வாகன இலக்கத் தகட்டில் வந்த ஓர் எழுத்துக்காக 1957, 1958இல் இந்தத் தீவில் என்ன நடந்தது என்று அறிந்தவர்களுக்கு, ஒரு கழுதை வண்டிலுக்காக ஏன் இவ்வளவு தூரம் போனார்கள் என்பது விளங்கும்.

அப்போது அவர் பத்திரிகையாசிரியரும்கூட. ஒளிவாள் என்று பொருள்படும் பெயர் கொண்ட கேலிக் லீக்கின் வாரப் பத்திரிகைக்கு, 1903இல், 23 வயதில், ஆசிரியரானார். 1909 வரை அதை நடத்தினார். கல்வி பற்றித் தொடர்ந்து எழுதினார். 1905இல் பெல்ஜியத்துக்குப் போய், பிளெமிஷ், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பாடசாலை பாடசாலையாகப் பார்த்தார். திரும்பி வந்து அதைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல், பொருளைக் காட்டி, செயலைச் செய்து காட்டி, அந்த மொழியிலேயே பேச வைப்பதுதான் வழி என்று கண்டுகொண்டார்.

எழுதியது போதாது என்று 1908 செப்ரெம்பரில் சொந்தப் பாடசாலை தொடங்கினார். புனித எண்டாவின் பெயரில், டப்ளினின் ரனலா பகுதியில் இருந்த ஒரு பழைய வீட்டில், இரு மொழிகளில் நடந்த ஆண்கள் பாடசாலை. தம்பி வில்லியம் சித்திரம் கற்பித்தார். தாயும் சகோதரியும் வீட்டுப் பொறுப்பைப் பார்த்தார்கள். கவிஞர் தோமஸ் மக்டொனா ஆசிரியராக இருந்தார். பிரம்பும் மனப்பாடமும் கல்வியாக இருந்த காலத்தில், பிள்ளைகள் தோட்டம் செய்தார்கள், நாடகம் போட்டார்கள். அக்காலக் கல்வி முறையை விமர்சித்து பியர்ஸ் பின்னர் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பே அதைக் கொலை இயந்திரம் என்றது. 1913 மே மாதம் டப்ளின் அபே அரங்கில் பாடசாலைக்கு நிதி சேர்க்க ஒரு நிகழ்ச்சி நடந்தது. இரவீந்திரநாத் தாகூரின் அஞ்சலகம் நாடகத்தை அரங்கின் நடிகர்கள் மேடையேற்றினார்கள். அதே இரவில் பியர்ஸின் மாணவர்கள் அவர் எழுதிய ஐரிஷ் நாடகத்தை நடித்தார்கள்.

பாடசாலை 1910இல் நகருக்கு வெளியே ரத்பார்னத்தில் இருந்த பெரிய வளவுக்கு மாறியது. இடம் அழகு, கடன் அதிகம். பெண்களுக்காகத் தொடங்கிய பாடசாலை இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. 1914இன் தொடக்கத்தில் பணம் சேர்க்க அமெரிக்காவுக்குப் போனார். கணக்குப் பார்க்கத் தெரியாத மனிதர் என்று நண்பர்களே சொன்னார்கள்.

வெள்ளைக் கொடி

1912இல்கூட பியர்ஸ் தன்னாட்சிக்கான பொதுக்கூட்டத்தில் ஏறி ஐரிஷில் பேசியவர். பிரித்தானியா கொடுக்கவிருந்த வரையறுக்கப்பட்ட சுயாட்சியை ஏற்கலாம் என்ற இடத்தில் நின்றார். நான்கே ஆண்டுகளில் அவர் ஆயுத எழுச்சியின் தலைவரானார். வடக்கில் தன்னாட்சியை எதிர்த்தவர்கள் ஆயுதம் தூக்கியது, சட்டம் போருக்காகத் தள்ளிவைக்கப்பட்டது, 1913இல் ஐரிஷ் தொண்டர் படை உருவானது என்று காரணங்கள் பல. அவர் அந்த ஆண்டே இரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். இக்காலத்தில் அவர் எழுதியவற்றில் இரத்தம் சிந்துவதைப் புனிதமாக்கும் வரிகள் இருக்கின்றன. போரைப் பார்த்த நாட்டில் இருந்து அவற்றை வாசிக்கும்போது எனக்குக் குளிர்கிறது. போரைப் பார்க்காதவரின் எழுத்து அது. 1915இல் கேலிக் லீக் அரசியல் நிலைப்பாடு எடுத்தபோது, டக்ளஸ் ஹைட் தலைமைப் பதவியை விட்டு விலகினார். எல்லாத் தரப்பினரும் வந்து படித்த மாலை வகுப்புகளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

1916 ஏப்ரல் 24, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், டப்ளின் பொதுத் தபாலகத்துக்கு முன்னால் நின்று பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். அந்தப் பிரகடனத்தின் பிரதியைப் பார்த்தேன். உச்சியில் ஒரு வரி ஐரிஷில் இருக்கிறது. மற்ற அனைத்தும் ஆங்கிலம். மொழிக்காக இருபது ஆண்டுகள் உழைத்த மனிதர், தன் மக்களிடம் பேச வேண்டிய நேரத்தில் ஆங்கிலத்தில்தான் பேச முடிந்தது. கூடி நின்ற டப்ளின் மக்களுக்கு விளங்கிய மொழி அதுதான்.

ஒரு கிழமைச் சண்டையில் நகரின் நடுப்பகுதி எறிகணைகளால் எரிந்தது. அந்தக் கிழமையில் கொல்லப்பட்டோர் 480க்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பொதுமக்கள். சுமார் 40 பேர் சிறுவர்கள். தபாலகம் பற்றி எரிய, பியர்ஸும் மற்றவர்களும் பக்கத்திலிருந்த மூர் தெரு வீடுகளுக்குள் சுவர்களை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். அந்தத் தெருவில், எரியும் வீட்டிலிருந்து வெள்ளைக் கொடியோடு வெளியே வந்த பொதுமக்கள் சுடப்பட்டு விழுந்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் பியர்ஸ் சரணடைய முடிவெடுத்தார் என்று அங்கிருந்தவர்கள் பின்னர் பதிந்திருக்கிறார்கள். அவர் கையொப்பமிட்ட சரணடைவு உத்தரவிலும், நகர மக்கள் மேலும் கொல்லப்படுவதைத் தடுப்பதே முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. எலிசபெத் ஓ பாரெல் கொடியோடு நடந்தார். நான் விரிவுரையில் பார்த்த புகைப்படம் எடுக்கப்பட்டது.

வெள்ளைக் கொடி, சரணடைவு என்ற சொற்களை வாசிக்கும்போது இங்குள்ள வாசகர்களின் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

கடைசிக் கடிதம்

இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மே 3ஆம் திகதி அதிகாலை, கில்மைனம் சிறை முற்றத்தில் பியர்ஸ் சுடப்பட்டார். வயது 36. அதே காலையில் அவருடைய பாடசாலை ஆசிரியர் மக்டொனாவும் சுடப்பட்டார். தம்பி வில்லியமை அண்ணனைப் பார்க்க என்று அழைத்துச் சென்றார்கள். போகும் வழியிலேயே வெடிச்சத்தம் கேட்டது. மறுநாள் வில்லியமையும் சுட்டார்கள். எழுச்சியில் அவருக்குப் பெரிய பொறுப்பு இருக்கவில்லை, அண்ணனுக்குத் தம்பியாக இருந்ததுதான் குற்றம் என்று பலரும் சொல்கிறார்கள். உடல்களைக் குடும்பங்களிடம் கொடுக்கவில்லை. ஆர்பர் ஹில் இராணுவ வளவில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். தாய் தன் மூத்த மகனைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

சிறையிலிருந்து அவர் தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதம் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பதை நான் இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. அது ஒரு மகன் தாய்க்கு எழுதியது. ஆனால் அது எந்த மொழியில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில்.

இதை அறிந்தபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு இருந்தேன். ஐரிஷில் கதை எழுதியவர், பத்திரிகை நடத்தியவர், பாடசாலை கட்டியவர். சாகும் காலையில் தாயோடு பேச அவருக்கு ஆங்கிலம்தான் இருந்தது. இதில் துரோகமும் இல்லை, தோல்வியும் இல்லை. மகன் எவ்வளவு ஐரிஷ் கற்றாலும், தாயும் மகனும் முதன்முதலில் பேசிக்கொண்ட மொழியை அவரால் மாற்ற முடியவில்லை. மொழி அறுவது வீட்டுக்குள். அதை ஒருவர் தனியாக வெளியே போய்க் கற்றுக்கொண்டு வந்தாலும், வீட்டுக்குள் அந்த முடிச்சைப் போட இன்னொருவரும் வேண்டும்.

அதற்குப் பிறகு

தாய் மார்கரெட் 1921இல் பாராளுமன்ற உறுப்பினரானார். மூத்த மகளோடு சேர்ந்து பாடசாலையைத் தொடர்ந்து நடத்தினார். 1932இல் தாய் இறந்தார். 1935இல் பாடசாலை மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம். ரோஸ் மக் வீடு சுதந்திரப் போர்க் காலத்தில் எரிக்கப்பட்டு, பிறகு திருத்திக் கட்டப்பட்டது.

அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் சுதந்திரம் பெற்றது. ஐரிஷ் தேசிய மொழியானது. பாடசாலைகளில் கட்டாயமாக்கப்பட்டது. 1934 முதல் 1973 வரை ஐரிஷில் சித்தியடையாவிட்டால் பாடசாலை இறுதிப் பரீட்சையிலேயே சித்தி இல்லை என்று வைத்தார்கள். கட்டாயத்தால் பலர் அந்த மொழியை வெறுத்ததுதான் மிச்சம். 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அயர்லாந்துக் குடியரசில் சுமார் 18 இலட்சத்து 70 ஆயிரம் பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பாடசாலைக்கு வெளியே அதை நாளாந்தம் பேசுவோர் சுமார் 72 ஆயிரம் பேர். தனி நாடும் சட்டமும் மொழியைத் தெரிந்தவர்களை உருவாக்கின. பேசுகிறவர்களை உருவாக்குவது வேறு வேலையாக இருந்தது.

அந்த வேறு வேலையைச் செய்தவர்கள் சிலர் இருந்தார்கள். 1969இல், கலவரம் வெடித்த பெல்பாஸ்ட் நகரின் மேற்குப் பகுதியில், ஷோஸ் றோட்டில், ஒரு சில இளம் தம்பதிகள் அருகருகே வீடு கட்டிக் குடியேறினார்கள். யாருக்கும் ஐரிஷ் பிறப்பு மொழி அல்ல. வளர்ந்த பிறகு கற்றவர்கள். வீட்டுக்குள் பிள்ளைகளோடு ஐரிஷ் மட்டும் பேசுவது என்று தமக்குள் உறுதி எடுத்தார்கள். 1971இல் ஒன்பது பிள்ளைகளோடு பாடசாலை தொடங்கினார்கள். தெருவில் குண்டும் துப்பாக்கியும் இருந்த காலம். அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது 1984இல்தான். அதுவரை சொந்தப் பணத்திலும் சேகரித்த காசிலும் நடத்தினார்கள். இன்று வட அயர்லாந்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரிஷ் வழியில் படிப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பியர்ஸை நினைவுகூரும் சிலைகளும் தெருக்களும் அவர் இறந்த விதத்துக்காக வைக்கப்பட்டவை. ஒரு கண்ணில் இருந்த மாறுகண் காரணமாக அவர் எப்போதும் பக்கவாட்டில் நின்றே படம் எடுப்பார். வரலாறும் அவரின் ஒரு பக்கத்தைத்தான் நமக்குக் காட்டியிருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது மறுபக்கம். மாலை வகுப்பில் வாங்கில் இருந்து எழுத்துக் கூட்டியவர், ரோஸ் மக் அடுப்படியில் முதியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவர். அந்த மறுபக்கத்தைத்தான் ஷோஸ் றோட்டுத் தம்பதிகள் வீட்டுக்குள் எடுத்துப் போனார்கள்.

இதையெல்லாம் வாசித்த பிறகு அக்காவோடு கதைத்தேன். குறை சொல்லவில்லை. மூன்று வேலை செய்து பிள்ளை வளர்க்கிறவளிடம் மொழியைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. ஒரு சின்ன விடயம் மட்டும் கேட்டேன். ஞாயிறு அழைப்பில் பத்து நிமிடம் அம்மாவையும் பிள்ளையையும் தனியாக விடு, இடையில் வந்து மொழிபெயர்க்காதே என்று. பெல்ஜியத்தில் பியர்ஸ் பார்த்த முறை அதுதான்.

முதல் இரண்டு கிழமையும் பூனையும் ரோசாக்கன்றும்தான். மூன்றாவது கிழமை அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிள்ளை விரலை நீட்டி அது என்ன என்பதுபோலத் தலையை அசைத்தாள். அம்மா கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதைத் தூக்கிக் காட்டி, திருவலை என்றார். பிள்ளை சொல்லிப் பார்த்தாள். ரகரம் லகரம் எல்லாம் குழம்பியது. அம்மா திரும்பச் சொன்னார். திரும்பவும் சொன்னார்.

அடுத்த கிழமை அவள் அந்தச் சொல்லை மறந்துபோனாள். அம்மா எழும்பிப் போய் அடுப்படியில் இருந்து திருவலையை மறுபடியும் எடுத்து வந்தார்.